வீட்டு லாகர் பீர் ஏன் கடை லாகர் மாதிரி வருவதில்லை? பீர் கிட்டில் நடக்கும் தவறுகளும் தீர்வுகளும்: முழு விவரம்

பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் கடைகளில் 'பீர் கிட்' என்ற பெயரில் ஒரு தகர டப்பா சாதாரணமாகக் கிடைக்கும். டப்பாவைத் திறந்து, சுடுதண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்து மூடி வைத்தால் சுமார் 23 லிட்டர் பீர் ரெடி. தாளில் படிக்கும்போது அவ்ளோதான் வேலை.

ஆனால் முதல் தடவை லாகர் கிட் வாங்கியவர்களில் பலருக்கும் கடைசியில் கிடைப்பது ஏமாற்றம்தான். நிறம் சரியாக இருக்கும், நுரையும் வரும். வாயில் வைத்தால் தண்ணியாக இருக்கும், லேசாகப் புளிக்கும், பச்சை ஆப்பிள் வாசம் அடிக்கும். 'கிட் சரியில்ல' என்று அடுத்த பிராண்டுக்குத் தாவுவார்கள். அதிலும் அதே கதை.

பெரும்பாலும் தவறு டப்பாவில் இல்லை. எந்த ஈஸ்ட், எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்ற மூன்று விஷயங்களில்தான் லாகர் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது. அது எப்படி என்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் சட்டம்: எங்கே அனுமதி, எங்கே குற்றம்?

பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவைப்பட்டது. அந்த ஆண்டு நிதியமைச்சர் ரெஜினால்ட் மௌட்லிங் தாக்கல் செய்த பட்ஜெட்டில் அது நீக்கப்பட்டது. சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்கலாம். விற்றால் உரிமமும் வரியும் உண்டு. அமெரிக்காவில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்கான வீட்டு பீருக்கு மத்திய வரியில் இருந்து விலக்கு அளித்தது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 'வீட்டுக்குத்தானே, விற்கலையே' என்ற சமாதானம் இங்கே எடுபடாது. எனவே இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் முறைகள் அனுமதி உள்ள நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டுமே.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

வெல்லப்பாகு மாதிரி கெட்டியான, பழுப்பு நிறப் பாகுதான் உள்ளே இருக்கும். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாறு இது. அதில் கசப்புக்காக ஹாப்ஸ் பூவைச் சேர்த்து, தண்ணீரை வற்றவைத்து டப்பாவில் அடைக்கிறார்கள். வழக்கமான டப்பா 1.7 கிலோ எடை இருக்கும். பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே 5 முதல் 7 கிராம் அளவில் ஒரு சின்ன ஈஸ்ட் பாக்கெட் இருக்கும்.

அதாவது பார்லியை ஊறவைக்கும் வேலையையும் கொதிக்கவைக்கும் வேலையையும் கம்பெனியே முடித்துவிடுகிறது. வீட்டில் நடப்பது நொதித்தல் மட்டும். பீரின் சுவையில் பெரும்பங்கு உருவாவதும் அந்தக் கட்டத்தில்தான்.

வாங்கும்போது தேதியைப் பாருங்க. பழைய டப்பாவில் பாகு கறுத்துப்போய் பீரும் கறுக்கும். ஈஸ்ட்டும் பலம் இழந்திருக்கும்.

லாகர் என்றால் உண்மையில் என்ன?

'லாகர்ன்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு 'சேமித்து வைத்தல்' என்று பொருள். பவேரியா பகுதியில் பீரைக் குளிர்ந்த நிலவறைகளில் மாதக்கணக்கில் வைத்திருந்து குடித்தார்கள். வெயில் காலத்தில் செய்த பீர் கெட்டுப்போனதால், 1553-ல் அங்கே ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே தடை போட்டார்கள். குளிர் இல்லாமல் நல்ல பீர் இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

காரணம் ஈஸ்ட். ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். லாகர் ஈஸ்ட் வேறு இனம். 10 முதல் 14 டிகிரி குளிரிலும் அது நிதானமாக நொதிக்கும். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-ல் இந்த ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இது இரண்டு ஈஸ்ட் இனங்களின் கலப்பு என்பது பின்னால் தெரியவந்தது. குளிர் தாங்கும் அந்த இரண்டாவது இனத்தை அர்ஜென்டினாவின் படகோனியா காடுகளில் கண்டறிந்ததாக 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

குளிரில் மெதுவாக நொதிக்கும்போது பழ வாசமும் காரமும் குறைவாக உருவாகும். லாகரின் 'க்ளீன்' சுவை என்று சொல்வது இதைத்தான்.

தவறு 1: மூடிக்குக் கீழே இருக்கும் ஈஸ்ட்

டப்பா மேல் லாகர் என்று போட்டிருக்கும். ஆனால் பல கிட்களில் கூடவே வருவது ஏல் ஈஸ்ட். வீட்டு அறையின் சூட்டில் யார் செய்தாலும் நொதிக்க வேண்டும் என்பதற்காகக் கம்பெனிகள் செய்யும் ஏற்பாடு இது. அதை 24, 25 டிகிரியில் வைத்தால் பீர் கண்டிப்பாக வரும், லாகர் வராது.

தீர்வு இரண்டு உண்டு.

* குளிர்ந்த இடம் இருந்தால்: தனியாக விற்கும் உலர் லாகர் ஈஸ்ட் வாங்கலாம். ஜெர்மனியின் வைஹென்ஸ்டெஃபான் வழிவந்த 'டபிள்யூ-34/70' பரவலாகக் கிடைக்கும் வகை. குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் பெருகும். அதனால் 23 லிட்டருக்கு 11.5 கிராம் பாக்கெட் இரண்டு தேவை.

* குளிர்ந்த இடம் இல்லையென்றால்: வாசம் அதிகம் சேர்க்காத ஏல் ஈஸ்ட் ஒரு பாக்கெட் போட்டு, 16 முதல் 18 டிகிரிக்குள் நொதிக்க விடலாம். இது அசல் லாகர் இல்லைதான். ஆனால் லாகர் ஈஸ்ட்டைச் சூட்டில் தவிக்கவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தவறு 2: சூடாக இருக்கும்போதே ஈஸ்ட் போடுவது

கிட்டுடன் வரும் தாளில், பாகை 3 லிட்டர் கொதிநீரில் கரைத்து மீதியைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பச் சொல்லியிருப்பார்கள். குழாய்த் தண்ணீர் 15 டிகிரியில் இருந்தால்கூட, மொத்தக் கரைசல் 25 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். அங்கேயே ஈஸ்ட் போட்டால் முதல் இரண்டு நாளில் அது தறிகெட்டு ஓடும். வேண்டாத வாசங்கள் பெரும்பாலும் உருவாவது அந்த இரண்டு நாளில்தான்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. முந்தின நாளே 8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்க. பாகைக் கரைக்க 2 லிட்டர் கொதிநீர் போதும். பிறகு ஃப்ரிட்ஜ் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் ஊற்றினால் கரைசல் 20 டிகிரிக்குக் கீழே வந்துவிடும். லாகர் ஈஸ்ட் என்றால் வாளியை மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, 12 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தபின் ஈஸ்ட் தூவலாம்.

ஈஸ்ட் போடும் முன் கரைசலை நன்றாகக் கலக்கிக் காற்றேற்றுவது நல்லது. ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும். நொதிக்கத் தொடங்கியபின் இதே காற்று எதிரி. அப்போது கலக்கினாலோ, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சளசளவென ஊற்றினாலோ பீரில் ஈர அட்டைப்பெட்டி வாசம் வரும்.

குளிர்ச்சிக்கு என்ன செய்வது?

நொதிக்கும்போது வாளிக்குள் சூடு உருவாகும். அறையைவிட உள்ளே 2 முதல் 4 டிகிரி கூடுதலாக இருக்கலாம். அதனால் சுவர் தெர்மாமீட்டரை நம்பாமல், வாளியின் மேல் ஒட்டும் தெர்மாமீட்டர் பட்டை வாங்குவது நல்லது.

* பிரிட்டன் குளிர்காலத்தில் கார் ஷெட்டும் படிக்கட்டுக்கு அடியில் உள்ள அறையும் லாகருக்குப் பொருத்தமான இடங்கள். அங்கே லாகர் கிட்டை நவம்பரில் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

* வெயில் காலத்தில் பெரிய டப்பில் தண்ணீர் ஊற்றி, அதில் வாளியை வைக்கலாம். காலையும் மாலையும் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை டப்பில் போட்டு மாற்ற வேண்டும். மண்பானைக்கு ஈரத்துணி சுற்றுவதுபோல வாளிக்கு ஈரமான டி-ஷர்ட் மாட்டினால் இன்னும் சில டிகிரி குறையும்.

* அடிக்கடி செய்பவர்கள் பழைய ஃப்ரிட்ஜும், அதை ஆன்-ஆஃப் செய்யும் ஒரு தெர்மோஸ்டாட் கருவியும் வாங்குகிறார்கள். இந்தப் பட்டியலில் செலவு அதிகமான மாற்றம் இது. பலனும் இதில்தான் அதிகம்.

தவறு 3: ஒரு கிலோ சர்க்கரை

1.7 கிலோ பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அதோடு ஒரு கிலோ சர்க்கரை போட்டால், பீரில் கரைந்திருக்கும் சத்தில் சுமார் 40 சதவீதம் வெறும் சர்க்கரைதான். சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாக மாறிவிடும், வாயில் நிற்கிற கனம் எதையும் தராது. பீர் தண்ணியாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இது.

முழுச் சர்க்கரையையும் நீக்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனிகளின் லாகரிலும் அரிசி, சோளம் சேர்த்து கனத்தைக் குறைப்பது உண்டு. நடுநிலையான அளவு இது:

* லைட் வகை உலர் மால்ட் பவுடர்: 600 கிராம்
* குளுக்கோஸ் அல்லது வெள்ளைச் சர்க்கரை: 300 கிராம்
* மொத்த அளவு: 23 லிட்டருக்குப் பதில் 21 லிட்டர்

2 லிட்டர் குறைவாகக் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு கிளாஸும் நன்றாக இருக்கும்.

தவறு 4: குழாய்த் தண்ணீரின் குளோரின்

பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், அது நொதித்தலில் உருவாகும் பொருட்களோடு சேர்ந்து பேண்டேஜ், டெட்டால் மாதிரி ஒரு மருந்து வாசத்தைத் தரும். மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

கொதிக்கவைத்தால் குளோரின் போய்விடும். ஆனால் சில ஊர்களில் சேர்க்கும் குளோரமைன் அவ்வளவு சுலபமாகப் போகாது. பீர் சாமான் கடைகளில் கிடைக்கும் 'கேம்டன்' மாத்திரையில் பாதியைப் பொடித்து மொத்தத் தண்ணீரில் கலந்தால் இரண்டும் சில நிமிடங்களில் நீங்கிவிடும்.

தவறு 5: கழுவினால் போதும் என்று நினைப்பது

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் அழுக்கு, பழைய நுரைக்கறை எல்லாம் போகக் கழுவ வேண்டும். அதன்பிறகு கிருமிநாசினிக் கரைசலில் நனைக்க வேண்டும். வாளி, மூடி, கரண்டி, டியூப், குழாய் முனை, ஈஸ்ட் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோல் வரை இதில் எதையும் விடக்கூடாது. வாளியை உள்ளே சொரசொரப்பான நாரால் தேய்க்காதீங்க. கீறல் விழுந்தால் அதற்குள் கிருமி தங்கும்.

ஹாப்ஸ் வாசம் வேண்டுமா?

கிட்டில் கசப்பு இருக்கும், பூ வாசம் பெரும்பாலும் இருக்காது. பாகை வற்றவைக்கும்போதே அது ஆவியாகிவிடுகிறது. செக் நாட்டின் ஸாட்ஸ் அல்லது ஜெர்மனியின் ஹாலர்டாவ் வகை ஹாப்ஸ் 20 முதல் 30 கிராம் எடுத்து, கொதித்து இறக்கிய ஒரு லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி வாளியில் சேர்க்கலாம். டீ போடுகிற மாதிரிதான். அதற்கு மேல் போட்டால் லாகரின் மென்மை போய்விடும்.

வெண்ணெய் வாசம் வந்தால்?

லாகர் ஈஸ்ட் வேலை செய்யும்போது வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மாதிரி ஒரு வாசம் உருவாகும். 'டயசெட்டில்' என்ற பொருள் இது. நேரம் கொடுத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

எனவே நொதித்தல் முடியப்போகும் கட்டத்தில், வாளியை 16 முதல் 18 டிகிரிக்குக் கொண்டுவந்து 2, 3 நாள் வைக்க வேண்டும். நடுவில் அழுகிய முட்டை வாசம் வந்தால் பயப்பட வேண்டாம். லாகர் ஈஸ்ட்டுக்கு அது வழக்கமானது, தானாகவே போய்விடும்.

மிகவும் ஆபத்தான தவறு: அவசரமாகப் பாட்டிலில் அடைப்பது

மற்ற தவறுகள் சுவையைத்தான் கெடுக்கும். இது ஆளையே காயப்படுத்தும்.

பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். அது நொதித்துத்தான் கேஸ் உருவாகிறது. ஆனால் வாளியிலேயே நொதித்தல் முடியாமல் இருந்தால், மீதமுள்ள சர்க்கரையும் மூடிய பாட்டிலுக்குள் நொதிக்கும். அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கும்.

ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பது அத்தாட்சி ஆகாது. மூடி சரியாக இறுகாவிட்டாலும் குமிழி வராது. ஹைட்ரோமீட்டர் மட்டுமே நம்பகமானது.

ஒரு உதாரணம். தொடக்கத்தில் ரீடிங் 1.041. நொதித்து முடிந்தபின் 1.010. வித்தியாசம் 31 புள்ளி. அதை 0.131-ஆல் பெருக்கினால் சுமார் 4.1. அதுதான் ஆல்கஹால் சதவீதம்.

1.010 வரை இறங்க வேண்டிய பீரை 1.014-லேயே அடைத்தால், லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் சர்க்கரை கூடுதலாகப் போட்டதற்குச் சமம். கேஸுக்காகச் சேர்க்க வேண்டிய சர்க்கரையே லிட்டருக்கு 6 முதல் 7 கிராம்தான். அதாவது இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம்.

கவனிக்க வேண்டியவை:

* மூன்று நாள் தொடர்ந்து ரீடிங் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். அந்த எண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கியும் இருக்க வேண்டும். 1.020-ல் நின்றுவிட்டால் அது முடிந்ததாக அர்த்தமில்லை, ஈஸ்ட் தூங்கிவிட்டது. இடத்தைச் சற்று வெதுவெதுப்பாக்கி, வாளியை மெல்ல ஆட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

* 21 லிட்டருக்கு 135 முதல் 140 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மொத்த பீரிலும் சீராகக் கலக்க வேண்டும். கண்ணளவில் ஸ்பூனால் போடக் கூடாது.

* பீருக்கென்று செய்த கெட்டியான பாட்டில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பழுப்பு நிறம் நல்லது. பச்சை, வெள்ளைக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றம் வரும்.

* முதல் தடவை செய்பவர்களுக்கு பிளாஸ்டிக் பாட்டில் பாதுகாப்பானது. அமுக்கிப் பார்த்தாலே அழுத்தம் தெரியும்.

கடைசிப் படி: குளிரில் காத்திருப்பு

அடைத்த பாட்டிலை முதல் இரண்டு வாரம் 18 முதல் 20 டிகிரியில் வைக்க வேண்டும். அப்போதுதான் கேஸ் பிடிக்கும். அதன்பிறகு 0 முதல் 4 டிகிரி குளிரில் குறைந்தது 4 வாரம். அதாவது சாதாரண ஃப்ரிட்ஜின் குளிர். இதைத்தான் 'லாகரிங்' என்கிறார்கள்.

இந்தக் காலத்தில் ஈஸ்ட்டும் புரதமும் அடியில் படியும். பீர் தெளியும், கூர்மையான சுவைகள் அடங்கும். மூன்றாவது வாரத்தில் குடித்து 'சரியா வரல' என்று ஓரங்கட்டிய பாட்டிலை, இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் வேறு பீராக இருக்கலாம். ஊற்றும்போது அடி வண்டலை விட்டுவிட்டு மெதுவாக ஊற்ற வேண்டும்.

சுவையை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

* பச்சை ஆப்பிள்: நொதித்தல் முழுமையாகவில்லை, அவசரப்பட்டிருக்கிறார்கள்
* வெண்ணெய், பாப்கார்ன்: கடைசி 2, 3 நாள் வெதுவெதுப்பு கிடைக்கவில்லை
* வாழைப்பழம், நெயில் பாலிஷ்: நொதித்தபோது சூடு அதிகம்
* பேண்டேஜ், மருந்து: தண்ணீரில் குளோரின்
* ஈர அட்டைப்பெட்டி: நொதித்தபின் காற்று பட்டிருக்கிறது
* வினிகர் புளிப்பு: கிருமி புகுந்திருக்கிறது
* தண்ணியாக இருப்பது: சர்க்கரை அதிகம், மால்ட் குறைவு

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால்?

வெப்பநிலை. கிட்டில் வந்த ஈஸ்ட்டாகவே இருக்கட்டும். பாக்கெட்டில் சொன்ன வரம்பின் கீழ்ப்பகுதியில், ஏற்ற இறக்கம் இல்லாமல் முதல் ஒரு வாரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும். அடுத்தது ஈஸ்ட், அதற்கடுத்தது சர்க்கரைக்குப் பதில் மால்ட். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, தேதி, டிகிரி, ரீடிங் மூன்றையும் நோட்டில் எழுதிவைத்தால் எது பலன் தந்தது என்று தெளிவாகத் தெரியும்.

வீட்டு பீரில் மெத்தனால் ஆபத்து உண்டா?

தமிழ்நாட்டில் பலருக்கும் உடனே எழும் கேள்வி இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது. அந்தச் சாராயத்தில் இருந்தது தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் மெத்தனால்.

மால்ட் பாகை ஈஸ்ட் நொதிக்கும்போது உருவாவது எத்தனால். மெத்தனால் உருவானாலும் மிகமிகச் சொற்பம், கடை பீரில் இருக்கும் அளவுதான். பீரைக் காய்ச்சி வடிப்பதும் இல்லை. எனவே கிட் பீரில் கவலைப்பட வேண்டியது மெத்தனாலைப் பற்றி அல்ல, பாட்டில் வெடிப்பதைப் பற்றி. அதே சமயம் பீரைக் காய்ச்சி வடித்துச் சாராயம் எடுப்பது பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் உரிமம் இல்லாமல் செய்தால் குற்றமே.

கிட் பீரும் மதுதான். ஹைட்ரோமீட்டர் காட்டும் சதவீதத்தைத் தெரிந்துகொண்டு அளவோடு நிறுத்துவதும், குடித்துவிட்டு வண்டி ஓட்டாமல் இருப்பதும், சிறுவர்கள் கைக்கு எட்டாமல் வைப்பதும் வீட்டில் தயாரிப்பவரின் பொறுப்பு.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)